இண்டூர்க் கல்லின் ஒன்பது மில்லிமீட்டர்

சவரிமுத்து பன்னிரண்டு வருஷமாகப் பார்த்த வேலை, அசையாமல் நிற்பது. நிலத்தின் உயரத்தை அளக்கும் சர்வே கோஷ்டியில் அவர் கோல் பிடிப்பவர். சர்வே கல்லின் தலையில் கோலை நிறுத்துவார். தூரத்தில் முக்காலிக் கருவி வழியாக என்ஜினீயர் எண்ணைப் படித்து முடிக்கும்வரை மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் விரட்ட மாட்டார். வீட்டிலோ நேர்மாறு. ஒரு வேளைச் சோறு தின்பதற்குள் இரண்டு தரம் எழுந்து வாசலுக்குப் போய்வருவார்.

1989 கோடையில் ஒரு மத்தியானம் நிலம் குலுங்கியது. பாப்பாரப்பட்டியில் அவர் வீட்டுச் சுவர் மூலைக்கு மூலை விரிசல் விட்டது. மனைவி பாக்கியமேரி அன்றே சொல்லிவிட்டாள்.

"எங்கண்ணன் பெங்களூர்ல வூடு பாத்து வெச்சிருக்குது. பூமி அசைஞ்சிருக்குதான்னு உங்க ஆபீசரு சொல்லட்டும். ஆமான்னா நான் கெளம்பிடுவேன். நீங்க கோலைக் கட்டிக்கிட்டு இங்கயே நில்லுங்க."

கோஷ்டி பழைய கற்களை மறுபடி அளந்தது. பத்து வருஷத்துக்கு முந்திய அளவோடு எல்லாம் ஒத்துப்போக, இண்டூர்க் கல் மட்டும் ஒன்பது மில்லிமீட்டர் உயர்ந்திருந்தது. என்ஜினீயர் வெங்கடாசலத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. மேலிடத்துக்குத் தந்தி எழுத உட்கார்ந்தார். சேதி பாப்பாரப்பட்டிச் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தபோது ஒன்பது அடியாகியிருந்தது. பாக்கியமேரி மறுநாள் காலை பஸ்ஸுக்கு நேரம் விசாரித்தாள்.

அந்த ஒன்பது மில்லி பூமியுடையதுதானா என்று சவரிமுத்துவுக்கு மட்டும் சந்தேகம். கல்லின் தலையைச் சுரண்டிச் சுத்தம் செய்த பிறகே கோலை வைக்க வேண்டும். இண்டூரில் அவர் சுரண்டவில்லை. கல் நின்ற வயலின் சொந்தக்காரி தீர்த்தம்மாளுக்கு அது முனியப்பன். வருஷா வருஷம் பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடித்து மிஞ்சிய சுண்ணாம்பை அதன் தலையில்தான் ஊற்றுவாள். பத்து வருஷச் சுண்ணாம்பு அதன்மேல் படிந்திருந்தது.

"ஏங்க, சாமி தலையச் சொரண்டுவீங்களா? உங்க மாதா தலையில நான் கத்தி வெச்சா சும்மா இருப்பீங்களா?" என்று அவள் மறித்தாள். சவரிமுத்து ஈரத்துணியால் துடைத்துவிட்டுக் கோலை வைத்துவிட்டார்.

தபாலாபீசுக்குப் போகும் வழியிலேயே வெங்கடாசலத்தைப் பிடித்து எல்லாவற்றையும் கொட்டினார். வெங்கடாசலம் தந்தித் தாளை நான்காகக் கிழித்தார்.

"செயற்கைக்கோள்லருந்து ரேடார் அலைய அனுப்பி, ரெண்டு தரம் பாத்து, நெலம் அசைஞ்சுதான்னு கண்டுபிடிக்க வெளிநாட்டுல முயற்சி நடக்குதாம். அதுக்குக் கல்லும் வேணாம், உன்ன மாதிரி ஆளும் வேணாம்."

"அப்ப தீர்த்தம்மா யாரோடதாங்க சண்டை போடும்?"

வெங்கடாசலம் சிரிக்கவில்லை. "இனிமே கோல் உன் கையில வேணாம். கருவிப் பெட்டி தூக்கு."

அன்று சாயங்காலமே இண்டூருக்குப் போனார்கள். சவரிமுத்து தீர்த்தம்மாளிடம் சாமியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "இந்தச் சுண்ணாம்பால எம்பொண்டாட்டி ஊரை விட்டுப் போறா" என்றார்.

தீர்த்தம்மாள் வீட்டுக்குப் போய்த் தோசைக்கரண்டியோடு வந்தாள். "நானே சொரண்டறேன். நீங்க யாரும் தொடாதீங்க." சுண்ணாம்பு ஏடு ஏடாகப் பெயர்ந்தது.

மறுபடி அளந்தார்கள். பழைய அளவுக்கு ஒரு மில்லிமீட்டர்தான் வித்தியாசம்.

சுண்ணாம்பு விஷயத்தை வீட்டில் சொன்னதும் பாக்கியமேரி கேட்டாள். "அப்ப அசையலைங்கறீங்களா?"

அசையவில்லை என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். வாய் வரவில்லை. "ஒரு மில்லி. பூமியாவும் இருக்கலாம், எங்க கைப்பிழையாவும் இருக்கலாம்னு என்ஜினீயரு சொன்னாரு. அதுக்கு மேல யாருக்கும் தெரியாது."

"நான் போகக்கூடாதுன்னு சொரண்டிட்டு வந்தீங்களா?"

"சொரண்டுனது தீர்த்தம்மா. நம்பலைன்னா போய்க் கேளு."

"அடுத்து எப்ப அளப்பாங்க?"

"வர்ற கோடையில."

"சரி, அதுவரைக்கும் பாக்கறேன். அந்தம்மா மறுபடி சுண்ணாம்பு ஊத்தாம பாத்துக்க வேண்டியது உங்க பொறுப்பு."

அடுத்து வந்த பொங்கலுக்கு முந்திய வாரம் முழுக்கச் சவரிமுத்து தினமும் இண்டூர் பஸ் ஏறினார்.