நானே வைத்திருப்பேன் அந்தப் பெயரை

ஓசூரில் நான் வேலை செய்யும் ஃபேக்டரியில், மெஷினை ஓட்டும் புரோகிராமில் ஒவ்வொரு பாகத்துக்கும் பெயர் வைப்பது எழுதுகிறவர் இஷ்டம். ஒரே மோட்டாருக்கு ஒருவர் தமிழில் வைப்பார், அடுத்தவர் கன்னடத்தில், இன்னொருவர் தெலுங்கில். கோளாறு வந்தால், வாய்க்குள் திட்டிக்கொண்டேதான் அந்தப் பெயர்களைத் தேடுவேன்.

ஒருநாள் பெயின்ட் அடிக்கும் லைன் நின்றுவிட்டது. அதன் புரோகிராமை நான் அதுவரை திறந்ததே இல்லை. எழுதியவர் நான் சேரும் முன்பே வேலையை விட்டுப் போய்விட்டார். முதல் பக்கத்தில் எல்லாப் பெயர்களும் ஆங்கிலத்தில், ஒரே முறையில் இருந்தன: முதலில் இடம், பிறகு பொருள், கடைசியில் அது செய்யும் வேலை. அதே முறையில், பெயின்ட்டை உலர்த்தும் ஓவனின் ஃபேனுக்கு நானாக ஒரு பெயரை யூகித்து, தேடும் கட்டத்தில் டைப் செய்தேன். அப்படியே இருந்தது! கதவு சென்சாருக்கும் டைப் செய்தேன்; அதுவும் இருந்தது, கோளாறும் அங்கேதான். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

அவருடைய தாய்மொழி எதுவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.