துடைக்காமல் காய வைத்தது

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில், எங்கள் மகளுக்கு ஆறு வயது. மழை பிடித்தால் அவளுக்கு இழுப்பும் பிடித்துவிடும். விருத்தாசலத்தில் இதற்குக் காரணம் கேட்டால் யாரும் யோசிப்பதில்லை. களிமண் தூசு என்பார்கள். நான் பீங்கான் ஆலையில் சோதனைப் பிரிவில் இருந்தேன். என் புடவையோடு வந்த தூசு என்று பேச்சு இன்னும் சுலபமாக முடிந்தது.

மருத்துவர் ஒவ்வொரு முறையும் சிரப்பும் மாத்திரையும்தான் எழுதுவார். இன்ஹேலர் ஏன் எழுதுவதில்லை என்று ஒருநாள் நேராகக் கேட்டேன்.

"எழுதினா அடுத்த தெரு டாக்டருகிட்ட போயிடுறீங்களேம்மா. எத்தனை பேரப் பாத்துட்டேன்."

"நாங்க போக மாட்டோம் சார். எழுதுங்க."

என் கணவருக்கு மூன்று ஆட்சேபணைகள். ஒன்று, பழகிவிடும். இரண்டு, கடைசியில் கொடுக்க வேண்டியதை முதலிலேயே கொடுக்கிறோம். இந்த இரண்டுக்கும் மருத்துவர் பொறுமையாகப் பதில் சொன்னார். மூன்றாவதை என் கணவர் வீட்டுக்கு வந்த பிறகுதான் சொன்னார்: பெண் குழந்தை, ஆஸ்துமா என்று ஊருக்குத் தெரிந்தால் நாளைக்கு யார் கட்டிக்கொள்வான்?

"ஒரு மாசம் பாக்குறேன். கொறையலன்னா நிறுத்திடணும்" என்றார். ஒப்புக்கொண்டேன்.

காலையும் மாலையும் ஸ்பேசர் என்கிற பிளாஸ்டிக் குழாய்க்குள் மருந்தை அடிக்க, மகள் அதில் வாய்வைத்து இழுப்பாள். கழுவும் வேலையை அவரே எடுத்துக்கொண்டார். நாங்கள் இருந்தது காம்பவுண்டு வீடு. எல்லாக் குடித்தனத்துக்கும் ஒரே முற்றம். காய வைத்தால் கண்ணில் படும். அதனால் தினமும் இரவில் கழுவிய கையோடு, பழைய வேட்டித் துணியால் உள்ளும் புறமும் துடைத்துப் பீரோவில் வைத்துவிடுவார்.

மாதம் முடிந்தும் இழுப்பு குறையவில்லை. மருத்துவரிடம் போகும்போது, முடிவு தெரிந்துவிட்டவரைப் போல என் கணவர் முன்னால் நடந்தார்.

மருத்துவர் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். காலையில் அடித்த மருந்து உட்சுவரில் வெள்ளையாகப் படிந்திருந்தது.

"யாரு தொடைக்கிறது?"

"நான்தாங்க டாக்டர். ஒரு தூசு இருக்காது."

"மருந்தும் உள்ள போயிருக்காது சார். தலை வாரின சீப்பு காயிதத்தத் தூக்குதில்ல? அதாட்டம், துணியால தேச்சா இதுவும் மருந்தப் புடிச்சி வச்சிக்கும். வாரத்துக்கு ஒரு தரம் சோப்புத் தண்ணியில அலசி, அப்படியே காய வைங்க போதும். நான்தான் மொதல்லயே சொல்லியிருக்கணும்."

திரும்பும் வழியில் கணவரிடம் நானே கேட்டேன்: "மாசம் முடிஞ்சிடுச்சி. நிறுத்திடலாங்களா?"

"குடுக்காத மருந்த எப்படி நிறுத்துறது?"

முதல் வாரம் குழாயை அலசிக் குளியலறைக்குள் மாட்டினார். மறுநாளும் ஈரம் போகவில்லை. அடுத்த வாரம் வெயில் வந்ததும் முற்றத்துக் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டார். எதிர்க் குடித்தனத்து அக்கா உடனே வந்துவிட்டார்.

"என்னா தம்பி அது, பாப்பா வெளையாட்டுச் சாமானா?"

"இல்லக்கா. பாப்பாவுக்கு ஆஸ்துமா. மருந்து இழுக்குற கொழாய்."

"ஐயோ, பம்பா? பழகிடுமே!"

"மொதல்ல அவளுக்கு ஒழுங்கா மூச்சு வுடுறது பழகட்டும்க்கா."

உள்ளே வந்தபோது முகம் கடுகடுவென்றிருந்தது. "சாயங்காலத்துக்குள்ள மங்கலம்பேட்டை வரைக்கும் சேதி போயிடும்" என்றார்.

எடுத்து உள்ளே வைக்கட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம். காயட்டும்."