அப்பா மூட்டிய சாணிக் காஸ் அடுப்பு

அப்பா பிறந்தது இலுப்பூருக்குக் கிழக்கே, எங்கள் ஊரிலேயேதான். சின்ன வயதிலேயே தகப்பனாரை இழந்து, ஏர் பிடித்துத் தங்கையைக் கரையேற்றினார். எங்கள் சமஸ்தானம் சென்னை மாகாணத்தோடு சேர்ந்த வருஷம் அம்மாவைக் கைப்பிடித்தார். அதிர்ந்து பேசாதவர். அப்பாவின் இந்த நினைவு மலரை வாங்கிய நீங்கள் எல்லோரும் அதை ஒப்புக்கொள்வீர்கள்.

அம்மாவுக்கு இளைப்பு. கடலைச் செடி, பருத்திமாறு, வறட்டி என்று எது கிடைத்ததோ அதை எரித்தே சமைத்தார். கண் கலங்கி நின்றால், "பொகைடி" என்பார். நாங்களும் நம்புவோம். "அடுப்படியில நிக்க விட்டீங்கன்னா ஆளைப் பார்க்க முடியாதுங்க" என்று டாக்டர் சொன்ன பிறகு அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை.

பிளாக் ஆபீஸ் கிராமசேவக் ஒருவர் சாணியிலிருந்து காஸ் எடுப்பதைப் பற்றிச் சொன்னார். அப்பா விடவில்லை. கொல்லையில் குழி வெட்டி, செங்கல் கட்டி, கரைத்த சாணியின் மேல் இரும்பு டிரம்மைக் கவிழ்த்தார். டிரம் வண்டியில் வந்தபோது, "என்னங்க, சாராயம் காய்ச்சப் போறீகளா?" என்று ஊரே கேட்டது. சாணியோடு கடலைச் செடியையும் நறுக்கிப் போட்டுப் பார்த்தார். அது மேலே மிதந்து ஆடை கட்டிக்கொண்டு காஸை அடைத்தது. அத்தனையையும் அள்ளிக் கொட்டிவிட்டு மறுபடி சாணி கரைத்தார். ஒருநாள் அடுப்பில் நீலமாகத் தீ நின்றது. அம்மா இருமாமல் சோறு வடித்தார்.

அதற்குப் பின் வந்தது தாத்தாவின் திதி. பங்காளிகள் வந்தீர்கள். வாசலிலேயே நின்றீர்கள்.

"சாணி நல்லதுதான்ப்பா. அழுகுன குழிக் காத்துல பொங்குனதை முன்னோருக்கு வைக்கலாமா?" என்றார் பங்காளி வகைப் பெரியப்பா.

"அழுகுன எருவுல வெளைஞ்ச நெல்லுதானேண்ணே அது?" என்றார் அப்பா.

யாரும் அசையவில்லை. அம்மா பொறுக்க முடியாமல், "இன்னிக்கு ஒரு நாளைக்கு வெறகுல பொங்கிர்றேன்" என்று பழைய அடுப்பைப் பற்ற வைத்தார். அப்பா குடத்துத் தண்ணீரை அப்படியே அதில் ஊற்றினார்.

"ஒன் மூச்ச எரிச்சு எங்கப்பாவுக்குச் சோறு வேணாம்!"

அந்தச் சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. பங்காளிகள் திரும்பிப் போனீர்கள். இலைகள் வெறுமனே கிடந்தன. அம்மாவின் கண்களில் தண்ணீர். புகை என்று சொல்ல அன்று புகை இல்லை. இத்தனை வருஷமும் அம்மா எத்தனை முறை அழுதிருப்பார் என்று அன்றுதான் நினைத்துப் பார்த்தேன்.

அத்தைதான் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "நானும் எங்கப்பா பெத்த மகதான். சோத்தப் போடுங்க அண்ணி, பசிக்குது."

அத்தைக்கு முதல் வணக்கம். கிராமசேவக் அவர்களுக்கும், டிரம் அடித்துத் தந்த பட்டறைக்காரருக்கும் நன்றி. பங்காளிகள் மேல் கோபம் இல்லை. சரி, கொஞ்சம் இருந்தது. அப்பா படுக்கையில் கிடந்தபோது அதே அடுப்பில் கஞ்சி வைத்து, பெரியப்பா தம் கையால் ஊட்டினார். அன்றே அந்தக் கோபம் போய்விட்டது. கடைசிவரை உடன் நின்ற எல்லோருக்கும் கை கூப்புகிறோம்.

அப்பா பிள்ளைகளுக்கு என்ன வைத்துவிட்டுப் போனார் என்று துக்கம் கேட்க வந்த சிலர் விசாரித்தார்கள். அம்மாவை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.