வாடகை சர்வரில் மூன்று அறைகள்

இல்லாத அறைகளுக்கு நடுவே இல்லாத சுவரை எழுப்பி, அது இருக்கிறதென்று வாடிக்கையாளரை நம்பவைப்பதுதான் எங்கள் தொழில். இதே பிழைப்பில் கண் பூத்த சக பாவிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எங்கே அந்தச் சுவர்?

பத்து வருடத்துக்கு முன்பு விழுப்புரத்தில் நானும் ஏழுமலையும் கூட்டாகத் தொழில் நடத்தினோம். மும்பையில் எங்கோ இருக்கும் ஒரு கிளவுட் சர்வரை வாடகைக்கு எடுத்து, அதற்குள் மென்பொருளாலேயே மூன்று அறைகள் தடுத்திருந்தோம். ஒன்றில் ஒரு பள்ளியின் மதிப்பெண்கள், இன்னொன்றில் மல்லாட்டை மண்டியின், அதாவது நிலக்கடலை மண்டியின், கணக்கு, மூன்றாவதில் திண்டிவனத்து ஸ்கேன் சென்டர் ஒன்றின் நோயாளி ரிப்போர்ட்டுகள். ஓர் அறையில் இருப்பது அடுத்த அறைக்கோ வெளியாருக்கோ தெரியக்கூடாது. ஸ்கேன் சென்டர் போனால் நாங்கள் கடையைச் சாத்த வேண்டியதுதான்.

அதன் முதலாளி சுந்தரமூர்த்திக்குப் படம் வரைந்து விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "மிஷினை நீங்களே பார்த்ததில்ல. சுவரை நான் பார்க்க முடியாது. எதுக்குங்க படம் போட்டுக்கினு, டீ சாப்பிடுங்க."

பதில் சொன்ன பிரிண்டர்

முதல் நாளே ஸ்கேன் சென்டரிலிருந்து சர்வரை எட்ட முடியவில்லை. எங்கள் ஊர்ப்பக்கம் மோடத்தை வாங்கியபடியே மாட்டிவிடுவார்கள். அதனால் உள்ளே இருக்கும் கருவிகளுக்கு எல்லாக் கடையிலும் ஒரே முகவரி எண் வரிசை. நாங்கள் சர்வர் அறைக்குக் கொடுத்த எண் அங்கே பிரிண்டருக்கும் இருந்தது. கம்ப்யூட்டர் மும்பைக்குப் போகாமல் பக்கத்து மேசைப் பிரிண்டரையே தட்டிக்கொண்டிருந்தது. பெயர் பதிய முடியாமல் கூட்டம் நின்றது.

நான் எண்ணை மாற்றிக்கொண்டே காரணத்தை விளக்க, வரவேற்பில் இருந்த கலா சொன்னாள்: "சார், வயித்து ஸ்கேனுக்குத் தண்ணி குடிச்சிட்டு அடக்கிக்கினு ஒக்காந்திருக்காங்க, அவங்ககிட்ட வந்து சொல்லுங்க இந்த நம்பர் கதைய."

மூடிய கதவு

சர்வருக்குக் காவல் நிற்கும் எங்கள் ஃபயர்வால், வெளியாருக்கு எல்லாக் கதவும் மூடியிருப்பதாகவே எங்களுக்குக் காட்டியது. ஒருநாள் டவுன் பஸ்ஸில் போகும்போது ஏனோ சந்தேகம் வந்து, வெளியாளைப் போல, சர்வரின் முகவரியைப் போனில் தட்டிப் பார்த்தேன். ஒரு பெண்ணின் கர்ப்பப்பை ரிப்போர்ட், பெயரோடும் வயதோடும் திறந்தது. அறைகளை அமைக்கும் மென்பொருள், ஃபயர்வாலைக் கேட்காமல் தானே ஒரு வழி திறந்துவைத்திருந்தது. உள்ளே இருப்பவர்கள்தானே பார்க்கப்போகிறார்கள் என்று நாங்கள் கடவுச்சொல்லும் வைக்கவில்லை.

உடனே அடைத்தேன். அதற்குமுன் யாராவது பார்த்தார்களா என்பது கடைசிவரை தெரியவில்லை. முதலாளியிடம் சொல்லப் போகிறேன் என்றதும் ஏழுமலை வாசலை மறித்தான். "அடைச்சாச்சு இல்ல, அண்ணே? நீ போய்ச் சொன்னா உன் மனசு லேசாவும். என் பொழப்பு?"

பார்த்த குற்றம்

சொன்னேன். அந்தப் பெண்ணுக்காகச் சொன்னேனா, என்னை நானே யோக்கியன் என்று நினைத்துக்கொள்ளவா, இன்றும் புரியவில்லை. சுந்தரமூர்த்தி கோபப்படவில்லை. முழுப் பாதுகாப்பு என்று அடித்துச் சொன்ன வேறொருவரிடம் வேலையைக் கொடுத்துவிட்டார், அவ்வளவுதான்.

எல்லாவற்றையும் ஒப்படைத்த அன்று, புது ஆள் வெளியிலிருந்து தட்டிப் பார்த்தாரா என்று சுந்தரமூர்த்தியிடம் கேட்டேன். "அவரு அதெல்லாம் பார்க்கலைங்க, தேவையே இல்லன்னுட்டாரு. நீங்க பார்த்துத்தானே இவ்ளோ பேஜாரு."

கடையைச் சாத்திய பிறகு ஏழுமலை கண்காணிப்புக் கேமரா மாட்டப் போய்விட்டான். ஓடாத கேமராவைப் பற்றி இதுவரை ஒருவரும் குறை சொன்னதில்லையாம்.