லூமுட்டுக்கு நாலு பேர்

கடலோரத்தில் இருக்கிற லூமுட்டுக்குப் போகலாம் என்று முதலில் சொன்னது அத்தைதான். ஈப்போ பக்கம் குனோங் ராபாட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் சுண்ணாம்புக் குன்று உண்டு, குரங்குகள் உண்டு. கடல்தான் கிடையாது. எட்டு வயதுவரை நான் அதைப் பார்த்ததும் இல்லை.

“ரெண்டு ரூம் ஹோம்ஸ்தே ஒண்ணு பாத்து வச்சிருக்கேண்ணே. பள்ளி லீவுல நாம நாலு பேரு மட்டும் போலாம்” என்றாள் அப்பாவிடம்.

அந்த ‘மட்டும்’ அவளுக்கு எவ்வளவு முக்கியம் என்பது எனக்கு இப்போது தெரியும். ஈப்போவில் ஒரு சூப்பர்மார்க்கெட்டில் அவளோடு வேலை பார்த்த ஒருவர், லூமுட் படகுத்துறையில் டிக்கெட் விற்கப் போயிருந்தார். அவரைத்தான் கட்டிக்கொள்வது என்று அத்தை முடிவு செய்திருந்தாள். அவர் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவர். நாங்கள் ஆடிக்குக் கூழ் ஊற்றுகிறவர்கள். வீட்டில் வைத்துப் பேச்சை எடுத்தால் சொந்தபந்தம் முழுக்க வந்து ஆளுக்கொரு நியாயம் பேசும். கடலோரத்தில் அண்ணன் தனியாக அகப்பட்டால் மனசு இளகக்கூடும் என்பது அவள் போட்ட கணக்கு.

மாலையில் வேலை முடிந்து வந்து எனக்குத் தலை வாரிவிடுவாள். அப்போதெல்லாம் கடல்தான் பேச்சு. சீப்பு மெதுவாக இறங்கும், குரலும் கூடவே இறங்கும். எனக்குக் கண் சொக்கும்.

“காலையில மணல்ல உக்காந்து பசியாறுவோம். தூரத்துல ஒரு தீவு, பாதிதான் தெரியும், மீதி பனியா இருக்கும். அந்தப் பாறைப் பக்கமா ஒருத்தரு நடந்து வருவாரு. வெள்ளைச் சட்டை. சப்பாத்தைக் கழட்டிக் கையில பிடிச்சிருப்பாரு.”

“யாரு அத்தை?”

“யாரோலா. கடல்னா யாராச்சும் நடந்து வருவாங்க.”

நான் நம்பினேன். கடல் என்றால் அலை இருக்கும், நண்டு இருக்கும், வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் இருப்பார். அப்பாவிடமும் இதை அப்படியே ஒப்பித்தேன். அவர் மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“எந்தப் பக்கமா வருவாராம்?”

“பாறைப் பக்கமா.”

“ஓ” என்றுவிட்டு மறுபடி துடைக்க ஆரம்பித்தார்.

கணக்கில் ஓட்டை போட்டது அம்மா. “சித்தப்பா வீட்டுக்குச் சொல்லாமப் போனா நல்லாவா இருக்கும்? சும்மா ஒரு வார்த்தை சொல்லி வைப்போம், அவங்க எங்க வரப் போறாங்க?” என்றாள். சித்தப்பா வீட்டில் அன்றைக்கே பையை எடுத்து வைத்துவிட்டார்கள். எங்கள் குடும்பத்தில் ஊருக்குப் போகிறோம் என்று ஒருவரிடம் சொன்னால் அது அழைப்பு, அழைத்த பிறகு வராமல் இருப்பது மரியாதைக் குறைவு. சித்தப்பா சுங்காயில் இருந்த பெரியப்பாவிடம் சொன்னார். பத்து காஜா ஊரில் இருந்த மாமா, தன்னிடம் மட்டும் ஏன் சொல்லவில்லை என்று மூஞ்சைத் தூக்கி வைத்துக்கொண்டு, பிறகு அவரும் லீவு எடுத்தார். கார் வேனானது. சோறாக்கும் சட்டி பெரிய சட்டியானது. ஹோம்ஸ்தே நடத்தும் மலாய்க்கார மாக்சிக் அம்மாளிடம் கூடுதல் மெத்தை கேட்டுக் கேட்டு அப்பாவுக்கே வெட்கமாகிவிட்டது.

“நாலு பேருன்னுதானே சொன்னேன்” என்றாள் அத்தை ஒருநாள்.

“கடல் என்ன அவ்வளவு சின்னதாவா இருக்கு?” என்றாள் அம்மா.

அதன் பிறகு தலை வாரும்போது அத்தை பேசவில்லை. எனக்கோ விளையாட இத்தனை பிள்ளைகள் வருகிறார்களே என்று சந்தோஷம் தாங்கவில்லை.

லூமுட்டில் முதல் நாள் காலை, மணலில் பாய் விரித்து மீஹூன் கோரேங், சம்பல், பிளாஸ்க்கில் கோப்பி எல்லாம் பரப்பியாயிற்று. அத்தை சொன்னது மாதிரியே தீவு பாதிதான் தெரிந்தது. தண்ணீரும் வானமும் ஒரே நிறத்தில் இருந்தன. அலை சத்தமில்லாமல் வந்து என் கால்விரல்களைத் தொட்டுவிட்டுப் போனது. நான் இன்னும் விழிக்கவில்லையோ என்று எனக்கே சந்தேகம் வந்தது.

எல்லாரும் கடலைப் பார்த்துக்கொண்டிருக்க, அப்பா மட்டும் பாறைப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்.

“அப்பா, கடல் இந்தப் பக்கம்!”

“தெரியும்மா. அந்தப் பக்கம் பாத்தா வெயில் கண்ணைக் கூசுது.”

சற்று நேரத்தில் பாறையைச் சுற்றிக்கொண்டு அவர் வந்தார். வெள்ளைச் சட்டை, ஒரு கையில் சப்பாத்து, மறு கையில் கேக் பெட்டி. “அத்தை, நீங்க சொன்ன ஆளு!” என்று கத்தினேன். வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த அத்தை நிமிர்ந்தாள். அவர் எங்கள் கூட்டத்தைப் பார்த்து நின்றுவிட்டார். அத்தையின் தலை, வேண்டாம் என்று லேசாக அசைந்தது. அவர் திரும்பி நடந்தார்.

அப்பா எழுந்து நின்றார்.

“தம்பி! இவ்வளவு தூரம் வந்துட்டு எங்க திரும்புறீங்க? வாங்க, பசியாறிட்டுப் போலாம்!”

யாருக்கும் இது புதிதாகப் படவில்லை. வழியில் போகிற தமிழ் முகத்தைச் சாப்பிடக் கூப்பிடுவது அப்பாவின் வழக்கம். வெள்ளைச் சட்டைக்காரர் வந்து பாயின் ஓரத்தில் உட்கார்ந்தார். தட்டை வாங்கி, முதல் வாய்க்கு முன்னால் நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டார். பெரியப்பா மெல்லுவதை நிறுத்தினார். சித்தி அம்மாவைப் பார்த்தாள்.

“தம்பிக்கு சம்பல் வைம்மா” என்றார் அப்பா அத்தையிடம், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

அத்தை வைத்தாள். கரண்டி தட்டில் இடித்துச் சத்தம் போட்டது. பெரியப்பா அப்பாவையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, ரப்பர் தோட்டங்களிலிருந்து வந்த எங்கள் ஆட்கள் யாரையும் கேட்கிற முதல் கேள்வியைக் கேட்டார்: “உங்க அப்பாலாம் எந்தத் தோட்டம் தம்பி?”

“சுங்காய்ப் பக்கம்தாங்கண்ணே.”

“அட, நம்ம பக்கம்லா!”

பேச்சு ஓட ஆரம்பித்துவிட்டது. அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சம்பல் காரம் என்றாள். அவள் அதைச் சாப்பிடவே இல்லையே என்று யோசித்தபடி நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

வெள்ளைச் சட்டைக்காரரை இப்போது மாமா என்றுதான் கூப்பிடுகிறேன். அந்தக் காலையைப் பற்றி அப்பாவிடம் நான் எதையும் கேட்டதில்லை. கேட்டாலும் மோட்டார் சைக்கிளைத் துடைக்கப் போய்விடுவார்.

லூமுட்டில் கடல் மேற்கே இருக்கிறது. காலை வெயில் அந்தப் பக்கமிருந்து வராது என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது.