மூணு மாசச் சர்க்கரை

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்கும் கம்பெனியில் முப்பது வருஷம் வேலை பார்த்த ஆசீர்வாதம், உலையின் சூட்டை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவருவார். வாங்கிக் கட்டிக்கொண்டவள் அவர் பெண்டாட்டி சாராள். அடி, வசவு, தட்டை விட்டெறிவது எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டாள். ஒன்றை மட்டும் அவளால் பொறுக்க முடியவில்லை. அத்திப்பட்டில் அவள் அம்மா செத்த சேதி வந்த காலையில், "சோறாக்கி வெச்சிட்டுப் போடி" என்றார் மனுஷன். ஆக்கி வைத்துவிட்டு ஓடினாள். போய்ச் சேர்வதற்குள் பெட்டியை மூடி ஆணி அடித்துவிட்டார்கள். அன்றிலிருந்து கோயிலில் மன்னிப்பு ஜெபம் வரும்போது சாராள் வாயைத் திறப்பதில்லை.

ஆசீர்வாதத்துக்கு ஏற்கெனவே சர்க்கரை உடம்பு. போன வருஷம் நெஞ்சும் அடைத்தது. ஸ்டென்ட் வைத்து அனுப்பும்போது டாக்டர் சாராளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சர்க்கரை ஏறிட்டே இருந்தா ரத்தத்துல வெள்ளை அணுவும் ஏறும்மா. ரத்தம் சீக்கிரம் உறையும். வெச்ச ஸ்டென்ட்டே அடைச்சுக்கும். இனிமே அவர் உயிர் உங்க கையிலதான்."

அவள் கையிலா! சாராளுக்குக் காதில் தேன் பாய்ந்த மாதிரி இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் ஆசீர்வாதம் ஜிலேபி கேட்டார். வாங்கிக் கொடுத்தாள். டீயில் சர்க்கரை தூக்கலாகக் கேட்டார். போட்டாள். கேட்டதைக் கொடுத்தால் எந்த போலீஸ் வந்து பிடிக்கும்? தின்ன வைத்தே ஆளைக் கல்லறைக்கு அனுப்புவதென்று முடிவு கட்டியிருந்தாள். கல்நெஞ்சுதான், இல்லை என்று சொல்லவில்லை. அதைக் கல்லாக்கியது யாராம்?

அடுத்த பரிசோதனைக்கு முன்னால் ஆசீர்வாதம் இரண்டு நாள் அரைப் பட்டினி கிடந்தார். டாக்டரை ஏமாற்றுகிறாராம்! வெறும் வயிற்றுச் சர்க்கரை யோக்கியமாகத்தான் வந்தது. மூணு மாசச் சர்க்கரைதான் பதினொன்று என்று காட்டிக்கொடுத்தது.

"சிவப்பணு மூணு மாசம் உயிரோட இருக்கும் பெரியவரே. நீங்க தின்ன இனிப்பெல்லாம் அதுல ஒட்டிட்டு இருக்கு" என்ற டாக்டர், அடுத்த வரியைப் படித்ததும் முகம் மாறினார். வெள்ளை அணு தாறுமாறாக ஏறியிருந்தது. "வீட்ல யார் சமையல்?"

சாராள் வாயைத் திறப்பதற்குள் ஆசீர்வாதம் முந்திக்கொண்டார்.

"அவள இன்னாவும் சொல்லாதீங்க சார். வாய் தொறந்து கேட்டதெல்லாம் குடுக்கறா. இத்தினி வருசத்துல இவ்ளோ சந்தோசமா நான் துன்னதே இல்ல. தங்கம் சார் அவ."

சாராளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பழிவாங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டு ஆளைச் சீராட்டியல்லவா இருக்கிறாள்! நாக்கு ருசிக்கத் தின்றுவிட்டு, இவளையும் வாழ்த்திவிட்டு, நோகாமல் போய்ச் சேர்ந்துவிடுவானாம். அது நடக்காது.

மத்தியானம் தட்டில் கேழ்வரகுக் களியும் உப்புக் குறைந்த கீரையும் வந்தன.

"இன்னாடி இது?" அவர் கை தட்டைத் தள்ளப் போனது. சாராள் விளிம்பை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"இனிமே இதான். காலீல நடக்கணும், ஊசி போட்டுக்கணும், மாத்திர முழுங்கணும். சீக்கிரம் போய்ச் சேந்துடலாம்னு பாக்காத. நூறு வயசு இருக்கணும் நீ. அத்தினி நாளும் என் கையால இத்தான் துன்னணும்."

ஆசீர்வாதம் அவள் முகத்தைப் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாகப் பயந்தார்.

"ஒரே ஒரு ஜிலேபி, சாராளு..."

"துன்னு."

தின்றார்.

மூன்று மாதம் கழித்து வந்த ரிப்போர்ட்டில் சர்க்கரை ஏழுக்கு இறங்கியிருந்தது. வெள்ளை அணுவும் அடங்கியிருந்தது. "இப்படியே பாத்துக்குங்கம்மா. இன்னும் இருபது வருஷம் ஜம்முனு இருப்பாரு" என்றார் டாக்டர்.

சாராள் கைகூப்பி நன்றி சொன்னாள். ஆசீர்வாதம்தான் அழுதார்.