எனெலெசி சுமந்த மாவு

எங்கள் கலும்பி ஊரில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் வந்து உட்காருகிறவள் எனெலெசிதான். செத்தது எங்கள் ஊர் ஆளா, ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஆளா என்றெல்லாம் அவளுக்குக் கணக்கில்லை. கையில் ஒரு பிடி மாவு இருக்காது, ஒரு சுள்ளி விறகு இருக்காது. வெறுங்கையோடு வருவாள். வாசற்படிக்கு வெளியே காலை நீட்டி உட்காருவாள். குழியை மூடி, சமைத்த பானையெல்லாம் கழுவிக் கவிழ்க்கிறவரை எழுந்திருக்க மாட்டாள். உள்ளே வா என்று கூப்பிட்டால் காது கேட்காதவள் மாதிரி இருந்துவிடுவாள். ஊருக்குப் புதிதாக மாப்பிள்ளையாக வந்தவர்கள் அவளைப் பார்த்து, சாவு வீட்டுக் களிக்கு அலைகிற கிழவி என்று சிரிப்பார்கள். நாங்கள் அவர்களைத் திருத்துவதில்லை. திருத்தப் போனால் முழுக்கதையையும் சொல்ல வேண்டும். அதில் எங்களுக்கும் பெருமை ஒன்றும் இல்லை.

அவள் இந்த ஊரில் பிறந்தவள் இல்லை. எங்கள் பக்கம் பெண் பிறந்த இடத்திலேயே இருப்பாள். ஆண்தான் மூட்டை கட்டிக்கொண்டு மாமியார் ஊருக்கு வருவான். எனெலெசிக்கு எல்லாம் தலைகீழாக நடந்தது. அவள் புருஷன் கொத்தனார். மிஷன் வீட்டுக்குச் செங்கல் வைக்க வந்தவன் அவளையும் கூட்டிக்கொண்டு வந்தான். வீடு முடிந்ததும், தெற்கே ஜோனியில் தங்கச் சுரங்கத்தில் சம்பாதித்துக்கொண்டு வருகிறேன் என்று பஸ் ஏறினான். பஸ் திரும்பி வந்தது, அவன் வரவில்லை. தாய், தாய்மாமன், அக்கா, தங்கை என்று யாரும் இல்லாத பெண்ணுக்குச் சாவு வீட்டில் என்ன இடம் கிடைக்கும்? வாசற்படிதான். செத்தவர் பக்கத்தில் சொந்தக்காரிகள், அவர்களுக்கு அடுத்து கூட்டாளிகள், கடைசியில் காற்றும் தூசியும் வருகிற இடத்தில் எனெலெசி. அப்படித்தான் சில வருஷம் போனது.

அவள் புருஷன் கட்டிய வீட்டுக்குக் கடைசியில் ஆள் வந்தது. நார்வேக்காரப் போதகர் ஓலாவ், அவர் மனைவி சிக்னே, மகள் டோரா, ஒரு கைக்குழந்தை. தாயை மூத்த பிள்ளையின் பெயரால் கூப்பிடுகிற ஊர் வழக்கப்படி சிக்னே டோராம்மா ஆனாள். தகரக் கூரை வீடு அது. பகலில் உள்ளே ஆள் வெந்துபோகும். மழை பெய்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. போதகர் ஆர்வக்கோளாறில் ஒருநாள் சுட்ட எலியை வாலோடு வாயில் போட்டுக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, "ரொம்ப நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவரைப் பார்க்கப் போகிறவர்களெல்லாம் எலியோடுதான் போனார்கள். டோராவுக்குச் சோளக்களி தொண்டையில் இறங்கவில்லை. சின்னதுக்கு ஒரு காய்ச்சல் விட்டால் அடுத்தது வந்தது. ஈர விறகை ஊதி ஊதி முகம் சிவந்து, டோராம்மா ஒரு காலையில் அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதாள். தண்ணீர் கொண்டுபோன எனெலெசி குடத்தை இறக்கி வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் அடுப்பை எரிய வைத்தாள். அதோடு இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டார்கள். இரண்டு பேருக்கும் ஊரில் வேறு யார் இருந்தார்கள்?

அந்தச் சமயத்தில்தான் ஊர்த்தலைவரின் அத்தை செத்துப்போனாள். "நானும் வரலாமா?" என்று டோராம்மா கேட்க, எனெலெசி பெருமையாகக் கூட்டிக்கொண்டு போனாள். மிஷன் வீட்டு அம்மாவோடு போனால் யார் வாசற்படியில் உட்கார வைப்பார்கள் என்ற நினைப்பும் உள்ளே இருந்தது, இல்லாமல் என்ன. டோராம்மா கையோடு ஒரு மடக்கு நாற்காலி கொண்டு வந்திருந்தாள். பெண்கள் எல்லாரும் பாயில் காலை நீட்டி உட்கார்ந்து அழுகிறார்கள். இவள் நடுவில் நாற்காலியை விரித்து, முழங்காலைச் சேர்த்து வைத்துக்கொண்டு, செத்தவளுக்கும் மேலே உயரமாக உட்கார்ந்தாள். அழுதுகொண்டிருந்தவர்கள் சுவரைப் பார்த்தார்கள். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. விருந்தாளிக்குத் தப்பைச் சொல்வது எங்கள் வாயில் வராது.

எனெலெசியிடம் சொல்ல நன்றாகவே வந்தது. மறுநாள் கிணற்றடியில் ஃபலேசி பிடித்துக்கொண்டாள். ஃபலேசியின் நாக்கு ஊரறிந்த நாக்கு.

"என்னடி எனெலெசி, உன் வெள்ளைக்காரி செத்தவளுக்கு மேல சிம்மாசனம் போட்டுட்டா? அடுத்த சாவுக்குக் கட்டிலும் தூக்கிட்டு வருவாளா?"

"கட்டில் வந்தா இவளுக்கும் ஓரமா இடம் குடுப்பா. வாசற்படியில குந்த வேண்டாம் பாரு" என்றாள் இன்னொருத்தி. எல்லாரும் சிரித்தார்கள். எனெலெசியும் சிரித்தாள், வேறு வழியில்லை. பாதி நிரம்பிய குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

மிஷன் வீட்டுக்குப் போனால் டோராம்மா கேட்கிறாள்: "நேத்து நான் ஏதாவது தப்பு செஞ்சுட்டேனா, எனெலெசி? எல்லாரும் ஒரு மாதிரி இருந்தாங்களே."

சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை போதும். ஆனால் இன்னொரு முறை இவளைக் கூட்டிக்கொண்டு போய், இன்னொரு முறை கிணற்றடியில் நிற்க எனெலெசிக்குத் தெம்பு இல்லை. "தப்பெல்லாம் இல்லம்மா. வெளியாளுங்க சாவு வீட்டுக்கு வரணும்னு இங்க முறை இல்லை. மாவு குடுத்துவிட்டா போதும். நானே கொண்டு போய்க் குடுத்துடறேன்" என்றாள்.

அடுத்த சாவுக்கு டோராம்மா மாவு கொடுத்தாள். கஞ்சத்தனமே இல்லாதவள், ஆளுக்கு ஒரு தட்டு போடுகிற ஊரில் ஒரு கூடை நிறையக் கொடுத்தாள். மில்லில் அரைத்த மாவு, வெள்ளை வெளேர் என்று இருந்தது. கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு எனெலெசி உள்ளே நுழைந்தபோது, பெண்கள் காலை மடக்கி வழிவிட்டார்கள். கூடையை இறக்க இடம் வேண்டுமே, அதனால் உள்ளே விட்டார்கள். இறக்கிய இடத்திலேயே அவள் உட்கார்ந்துகொண்டாள். அதற்கடுத்த சாவில் அவளுக்கென்று இடம் காலியாகவே இருந்தது. பொய் சொன்ன அன்றைக்கு வந்த குறுகுறுப்பு, இடம் உள்ளே நகர நகரக் குறைந்துகொண்டே போனது. மனுஷ மனசு அப்படித்தான். வசதியான பொய்யோடு சீக்கிரம் பழகிவிடுகிறது.

டோராம்மா வராததை ஊரும் கவனித்தது. எங்களைப் பொறுத்தவரை இதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. திருடனை மன்னிப்போம். சாவுக்கு வராதவர்களை மன்னிக்க மாட்டோம். அவர்கள் வீட்டுச் சாவுக்குப் போகவும் மாட்டோம்.

மறு வருஷம் ஃபலேசியின் சின்ன மகள் காய்ச்சலில் போய்விட்டாள். டோராவோடு மண்ணில் விளையாடிக்கொண்டிருந்த குழந்தை. டோராம்மா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். துணியை மாற்றி, தலையில் துண்டு கட்டிக்கொண்டு புறப்பட்டு நின்றாள்.

"இதுக்கு மட்டும் நான் போகணும், எனெலெசி. அந்தப் பிள்ளை என் மடியில தூங்கியிருக்கு."

போகட்டும் என்று விட்டிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும். எனெலெசியின் பொய்யும் அன்றோடு வெளுத்திருக்கும். வாசலில் குறுக்கே நின்று, "வேண்டாம்மா. நீங்க வந்தா அவங்களுக்குத்தான் சங்கடம். முறைன்னு ஒண்ணு இருக்கு" என்றாள். டோராம்மா தலைத்துண்டை அவிழ்த்தாள். வழக்கத்தைவிடப் பெரிய கூடையில் மாவு நிரப்பினாள். அந்தக் கூடையோடு எனெலெசி பிள்ளையைப் பறிகொடுத்தவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். ஃபலேசி மாவைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள், திரும்பிக்கொண்டாள்.

பெருமழைக் காலம் வந்தது. போதகர் ஆற்றுக்கு அப்பால் உள்ள ஊர்களுக்குப் போனவர் வெள்ளத்தில் மாட்டிக்கொண்டார். அப்போது பார்த்துப் பட்டணத்திலிருந்து வந்த மிஷன் டிரைவர், நார்வேயில் டோராம்மாவின் தாய் இறந்துவிட்டதாகச் செய்தி கொண்டு வந்தான். ஊர் முழுக்க அவனே சொல்லிவிட்டும் போனான்.

மறுநாள் காலை எனெலெசி போனபோது, மிஷன் வீட்டு மேசையும் நாற்காலிகளும் வெளியே மரத்தடியில் நனைந்துகொண்டிருந்தன. சாவு விழுந்த வீட்டில் சாமான்களை வெளியே எடுத்து, வருகிறவர்கள் உட்கார முன்னறையைக் காலி பண்ணுவோம். போகிற வருகிற வழியில் டோராம்மா இதைப் பார்த்திருக்க வேண்டும். தனியாளாக மேசையை இழுத்துப் போட்டிருக்கிறாள். தரையெல்லாம் பெருக்கி, சந்தையில் வாங்கிய பாய்களைச் சுவரிலிருந்து சுவர்வரை விரித்திருந்தாள். அத்தனை பாய்க்கு நடுவில் அவளும் இரண்டு பிள்ளைகளும் உட்கார்ந்திருந்தார்கள்.

"நான் வெளியாளா இருந்தாலும், என் வீட்டுக்கு அவங்க வரலாம் இல்லையா? அதுக்கு முறை இருக்கு இல்லையா, எனெலெசி?"

"வருவாங்கம்மா. இதோ கூட்டிட்டு வரேன்" என்று எனெலெசி மழையில் ஓடினாள். நேராக ஃபலேசி வீட்டுக்கு. அங்கே நாலைந்து பெண்கள் சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தார்கள்.

"டோராம்மாவோட அம்மா போயிட்டாங்க. தனியா உட்கார்ந்திருக்கு. வாங்கடி."

ஃபலேசி கையை நிறுத்தவில்லை. "என் பிள்ளை செத்தப்ப எங்க இருந்தா?"

"அது..."

"அடுத்த வீட்டுல இருந்துக்கிட்டு எட்டிக்கூடப் பார்க்கலையே. ஏன் வரலை? நீதானே அவளோட வாயும் காதும். சொல்லேன்."

எல்லாரும் கையை நிறுத்திவிட்டு எனெலெசியைப் பார்த்தார்கள். உண்மை தொண்டைவரை வந்துவிட்டது. சொன்னால் மிஷன் வீட்டு முன்னறை நிமிஷத்தில் நிரம்பும். எனெலெசி மறுபடி வாசற்படிக்குப் போவாள். "வெள்ளைக்காரங்க பழக்கம் அப்படி" என்றாள்.

"அப்ப நம்ம பழக்கமும் அப்படியே இருக்கட்டும். அவ நமக்கு என்ன செஞ்சாளோ அதை நாம செய்யணும்ல?" ஃபலேசி எழுந்துபோய் ஒரு கூடையை எடுத்தாள். மகள் சாவுக்கு எனெலெசி கொண்டுவந்த அதே கூடை. ஒரு கிண்ணம் மாவைப் போட்டு அடுத்தவளிடம் தள்ளினாள். வீடு வீடாகச் சுற்றி, கூடை நிறைந்து வந்தது. ஃபலேசியே தூக்கி எனெலெசியின் தலையில் வைத்தாள். "நீதானே சுமப்பே."

மாவு மழையில் நனையாமல் இருக்க வாழையிலை போட்டு மூடிக்கொண்டு போனாள். டோராம்மா அவளுக்குப் பின்னால் பாதையைப் பார்த்தாள். யாரும் இல்லை. மெதுவாக எழுந்து, முழங்காலை மடித்து, இரண்டு கையாலும் கூடையை வாங்கினாள்.

"எல்லாரும் குடுத்தாங்களா?"

"எல்லாரும்தாம்மா."

"நான்தான் வேற என்னமோ எதிர்பார்த்துட்டேன். வெளியாளுக்கு மாவுதான் முறைன்னு நீங்க முன்னாடியே சொல்லியிருந்தீங்க." பாய்களைச் சுருட்டத் தொடங்கினாள். "மேசையை உள்ள போட ஒரு கை குடுங்க."

எனெலெசி ஒரு கை கொடுத்தாள். அவளாவது அந்தப் பாயில் உட்கார்ந்திருக்கலாம். அதுகூடச் செய்யவில்லை. மேசையைத் துடைத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

அதற்குப் பிறகு மிஷன் வீட்டுக் கதவு பெரும்பாலும் சாத்தியே கிடந்தது. மழை ஓய்ந்து பாதை காய்ந்ததும் தங்கள் குடும்பம் நார்வேக்கே திரும்பப் போகிறது என்று, வெள்ளம் வடிந்து வந்து சேர்ந்த போதகர் கோயிலில் அறிவித்தார். பிள்ளைகளின் உடம்பு தாங்கவில்லை என்றார்.

வழியனுப்ப எல்லாரும் ஊர் கூடுகிற மாமரத்தடிக்குப் போனோம். லாரியில் சாமான் ஏற்றியாகிவிட்டது. டோராம்மா எழுந்து நின்று, எங்கள் மொழியில் நன்றாகவே பேசினாள்.

"நான் இங்க நிறைய தப்பு செஞ்சிருப்பேன். எனக்கு முறையெல்லாம் சொல்லிக் குடுத்தது எனெலெசிதான். அவங்க இல்லைன்னா முதல் மாசமே ஓடியிருப்பேன். ஃபலேசி, உங்க பொண்ணு போன அன்னிக்கு வரணும்னு தலைத்துண்டு கட்டிக்கிட்டு நின்னேன். வெளியாள் வந்தா உங்களுக்குச் சங்கடம்னு எனெலெசி சொன்னாங்க. அதனாலதான் வரலை. ஆனா அந்தப் பிள்ளைய நினைக்காத நாள் இல்லை."

ஃபலேசி எனெலெசி பக்கம் திரும்பவே இல்லை. எழுந்து வந்தாள். டோராம்மா முன்னால் மண்ணில் காலை நீட்டி உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக் கீழே இழுத்து, "அம்மா போயிட்டாங்களே" என்று குரலெடுத்தாள்.

"யாரோட அம்மா?" என்றாள் டோராம்மா, பதறிப்போய்.

"உங்கம்மாதான். நேரம் கழிச்சு வந்துட்டோம்."

நாள் கடந்து துக்கம் கேட்க வருகிறவர்கள், அன்றுதான் செத்தது போல அழ வேண்டும். எல்லாப் பெண்களும் எழுந்து வந்து அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். நடுவில் டோராம்மா, புழுதியில் காலை நீட்டிக்கொண்டு, தாய்க்கும் ஃபலேசியின் மகளுக்கும் சேர்த்து அழுதாள். டிரைவர் ஹாரன் அடித்தான். ஊர்த்தலைவர் ஒரு பார்வை பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். எனெலெசி வட்டத்துக்கு வெளியே வந்து நின்றாள். யாரும் அவளைத் தள்ளவில்லை. யாரும் காலை மடக்கவும் இல்லை.

எல்லாம் ஓய்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டபோது, ஃபலேசி முதல் தடவையாக எனெலெசியை நிமிர்ந்து பார்த்தாள். "மாவு எங்க, எனெலெசி?"

யாரும் சிரிக்கவில்லை.

டோராம்மாவுக்கு அதற்குள் அந்த மடக்கு நாற்காலிவரை எல்லாம் புரிந்துவிட்டது. லாரியில் ஏறுவதற்கு முன்னால் எனெலெசியிடம் வந்து நின்றாள். திட்டியிருந்தால் தேவலை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, இது ஒன்று மட்டும் புரியாதவளாகக் கேட்டாள்:

"கீழ உட்காருன்னு சொல்லியிருக்கலாமே, எனெலெசி. உட்கார்ந்திருப்பேனே."

லாரி போய்ப் புழுதி அடங்கி, பெண்கள் ஒவ்வொருத்தியாக எனெலெசியைத் தாண்டி வீட்டுக்குப் போன பிறகு, அவள் மரத்தடியில் தனியாகக் காலை நீட்டித் தரையில் உட்கார்ந்தாள்.